காய்ச்சலை மறைத்த வீடுகள்

(பங்கின் யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் பங்கு நலவாழ்வுக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



யூபிலி மலர் என்றால் ஆலயம் எழும்பிய கதையையும், பணியாற்றிய குருக்களின் வரிசையையும், கொடிமரம், மணி, சப்பரம் வந்த வரலாற்றையும் எழுதுவது வழக்கம். அவையெல்லாம் வேண்டியவைதாம். ஆனால் கொரோனாக் காலத்தில் நம் தெருக்களில் நடந்ததையும் யாராவது எழுதி வைக்க வேண்டும் என்று பங்குப் பேரவையில் பேசியபோது அந்தப் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது. "கொள்ளைநோயும் எளிய மக்களுக்கான நலவாழ்வுச் செய்தியும்" என்று தலைப்பும் தந்துவிட்டார்கள். தலைப்பு எங்களுக்குப் பெரிது. ஆகவே அதை ஒரு கேள்வியாகச் சுருக்கிக்கொண்டோம். 2020, 2021 ஆண்டுகளில் காய்ச்சல் கண்டவர்கள் அதை ஏன் மறைத்தார்கள்? மறைத்தவர்கள் பிறகு எப்படி வாய் திறந்தார்கள்?

"அறியாமை" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுவோர் உண்டு. எங்களுக்கு அது உடன்பாடு இல்லை. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற தாய்மாருக்கும், காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும், கொத்தனார் கையாளுக்கும் கிருமி என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். பெரியம்மையையும் வாந்திபேதியையும் கண்டு, செபஸ்தியாருக்கு நேர்ந்து அசனம் கொடுத்த பாட்டன் பூட்டன் வழி வந்த மக்கள் அல்லவா நாம்? தெரியாமல் மறைக்கவில்லை, கணக்குப் பார்த்துத்தான் மறைத்தார்கள். அந்தக் கணக்கு என்ன என்பதுதான் காரியம்.

அதற்கு முன் நம் கடற்கரையின் பழைய செய்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமையில் இருந்த தம் சகோதரர்களுக்கு ஒரு நீண்ட மடல் எழுதினார். நோயாளிகளுக்காகச் செபிக்க வரும்படி வீடு வீடாக அழைப்பு வந்ததாம். ஒரே ஆளால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? ஆகவே செபங்களை மனப்பாடம் செய்திருந்த சிறுவர்களை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் போய் வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாச அறிக்கையைத் தமிழில் சொல்லிக்கொடுத்துச் செபித்தார்கள். பெரிய குருவானவர் வர முடியாத இடத்திற்கு, அந்தத் தெருவிலேயே பிறந்து, அந்தத் தெரு மொழியையே பேசுகிற பிள்ளை போனான். உள்ளே நுழைய அவனுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. நலவாழ்வுச் செய்தியைப் பற்றி இன்று உலக நிறுவனங்கள் அச்சடித்துத் தருகிற பாடத்தின் முதல் பக்கம் இந்தக் கடற்கரையிலேயே எழுதப்பட்டுவிட்டது என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு.

இனி 2020 மார்ச்சுக்கு வருவோம். மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு. அன்றிரவே நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிப்பு. ஏப்ரல் 12-ஆம் தேதி உயிர்ப்புப் பெருவிழா, ஆலயக் கதவு சாத்தியிருந்தது. செய்திக்கு மட்டும் குறைவே இல்லை. தொலைபேசியை எடுத்தால் மணியோசைக்குப் பதில் இருமல் சத்தம். தூரத்து மகளுக்குப் போன் போட்ட ஆச்சிமார் சிலர், மகள்தான் இருமுகிறாள் என்று பதறிப்போனார்கள். சிரிப்பதற்குச் சொல்லவில்லை. செய்தி சொல்லுகிறவர் யாரென்றே தெரியாவிட்டால், கேட்கிறவர் மனத்தில் அச்சம் மட்டும்தான் தங்கும்.

"சமூக இடைவெளி" என்ற சொல்லையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுவரொட்டி, வானொலி, ஒலிபெருக்கி எங்கும் அதே சொல். ஆறடி தள்ளி நில்லுங்கள் என்பதுதான் அதன் பொருள். ஆனால் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருந்ததை மறக்காத மக்களிடம் போய், சமூகத்துக்குச் சமூகம் இடைவெளி விடுங்கள் என்றால் அது எப்படிக் காதில் விழும்? "இத்தனை காலம் விட்டது போதாதா?" என்று ஒரு பெரியவர் எங்களிடமே கேட்டார். உலக நலவாழ்வு நிறுவனங்கூட 2020 மார்ச்சிலேயே, விலகவேண்டியது உடல்தானே தவிர உறவு அல்ல என்று தன் சொல்லை மாற்றிக்கொண்டது. நாங்கள் வீடுகளில் பேசும்போது "எட்ட நின்னு பேசுவோம்" என்று மட்டும் சொன்னோம். அதற்கு யாரும் முகஞ்சுளிக்கவில்லை.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறோம்.

முதலாவது கூலி. காய்ச்சல் என்று வெளியே தெரிந்தால் பதினான்கு நாள் வீட்டில் கிடக்க வேண்டும். நோயாளி மட்டுமல்ல, வீடே கிடக்க வேண்டும். குச்சி அடுக்கினால்தான் காசு என்றிருக்கிற வீட்டில், பதினான்கு நாளைக்கு அடுப்பு எதை வைத்து எரியும்? இரண்டாவது மானம். நோய் கண்ட வீட்டின் வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். பல ஊர்களில் தகரமே அடித்தார்கள். "சொன்னா தகரம் அடிச்சிருவாவ" என்பதுதான் அந்நாளில் எங்கும் கேட்ட பேச்சு. அப்படி வாசலில் ஒட்டுவது கட்டாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் தெளிவுபடுத்தியது. அதற்குள் பல குடும்பங்கள் தண்ணீர்க் குழாயடியில் ஒதுக்கப்பட்டு மனம் நொந்துவிட்டன.

மூன்றாவது, பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற அச்சம். இதுவும் நேற்று முளைத்ததன்று. 1897-இல் பூனாவில் பிளேக் பரவியபோது படைவீரர்களைக் கொண்டு வீடு வீடாகச் சோதனை போட்டதால், மக்கள் நோயாளிகளை ஒளித்துவைத்த கதையைச் சரித்திரம் சொல்லுகிறது. நம் பக்கத்திலோ தட்டப்பாறை முகாம் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலியாகப் போன நம் மக்களை, கொள்ளைநோய் அச்சத்தால் அங்கே நிறுத்திவைத்துக் கண்காணித்த பிறகே தூத்துக்குடியில் கப்பல் ஏற்றினார்கள். பிற்காலத்தில் அந்த வேலை மண்டபம் முகாமுக்கு மாறிற்று. நோய் என்றால் முகாம், முகாம் என்றால் கம்பி வேலி என்ற நினைவு இந்தக் கரிசல் காட்டில் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கிறது.

இதோடு இன்னும் இரண்டு காயங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2018 மே 22-ஆம் தேதி தூத்துக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டை இந்த மாவட்டம் மறக்கவில்லை. 2020 சூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடையைத் திறந்து வைத்ததாகச் சொல்லிப் பிடித்துச் செல்லப்பட்ட தந்தையும் மகனும், காவலில் பட்ட அடிக்குப் பிறகு கோவில்பட்டியில் ஒருவர்பின் ஒருவராக உயிரிழந்தார்கள். நோயிலிருந்து காக்கும் விதியே உயிரைக் குடித்ததைக் கண்ட மக்கள், மறுநாள் காலை கணக்கெடுக்க வந்த செவிலியரிடம் "எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணுமில்லம்மா" என்று சொன்னால், அதை அறியாமை என்பதா? அந்தச் செவிலியர் பாவம், வெயிலில் நாள் முழுதும் நடந்து உண்மையாக உழைத்தவர். அவர்மேல் கோபம் யாருக்கும் இல்லை, நம்பிக்கைதான் இல்லை.

சொல்லில் பிசகில்லாவிட்டாலும், சொல்லுகிற ஆளைப் பொறுத்துத்தான் அது ஏறும் என்பதை அப்போதுதான் அன்பியக் கூட்டத்தில் பேசினோம். கூட்டம் என்றாலும் திண்ணைக்கு நாலு பேராக எட்ட எட்ட உட்கார்ந்த கூட்டம். ஒவ்வொரு தெருவுக்கும் அந்தத் தெருக்காரர்களையே இருவராக வைத்தோம்; ஒருவர் கட்டாயம் பெண். மாதா சபைத் தாய்மார், வின்சென்ட் தே பவுல் சபையார், கல்லூரி மூடியதால் வீட்டிலிருந்த பிள்ளைகள் என்று கலந்து போட்டோம். நம் சபையாரல்லாத வீடுகளுக்கு அந்த வீடுகளிலிருந்தே ஆள் கேட்டோம், கொடுத்தார்கள். நெடுஞ்சாலையோரம் முடங்கிக் கிடந்த வடநாட்டுத் தொழிலாளரிடம் பேச, இந்தி தெரிந்த ஓர் அருட்சகோதரி போனார். அவர்கள் முதலில் கேட்டது நோயைப் பற்றியல்ல, ஊருக்கு இரயில் எப்போது என்றுதான்.

போகிறவர்கள் "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்கவே கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்தோம். அப்படிக் கேட்டால் "இல்லை" என்பதுதான் பதில். "அடுப்பு எரிஞ்சுதா ஆச்சி? ராத்திரி தூங்கினீயளா? அண்ணாச்சி வேலைக்குப் போனாவளா?" என்று கேட்டால், மூன்றாவது கேள்விக்குள் விஷயம் வெளியே வந்துவிடும். வந்ததும் அரசாங்கத்துக்குச் சொல்லுகிற வேலையை அடுத்ததாக வைத்துக்கொண்டு, அரிசியும் பருப்பும் முதலில் போயின. பதினான்கு நாளும் அந்த வீட்டு வாசலில் தண்ணீர்க் குடமும் பாலும் யாராவது ஒருவர் வைப்பார் என்ற உறுதியைக் கொடுத்த பிறகுதான், ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டோம். பெரும்பாலும் மறுக்கவில்லை. கூலிக் கணக்கைக் கூலியால்தான் தீர்க்க முடிந்தது. துண்டுப் பிரசுரத்தால் முடியவில்லை.

கபசுரக் குடிநீரைப் பற்றிச் சிலர் எங்களோடு சண்டைக்கு வந்தார்கள். அதைக் குடித்தால் போதும் என்றது ஒரு கட்சி. அது வெறும் கஷாயம், அதைத் தடுக்க வேண்டும் என்றது இன்னொரு கட்சி. நாங்கள் இரண்டிலும் சேரவில்லை. "குடியுங்கள், ஆனால் விரலில் மாட்டுகிற கருவியில் எண் 94-க்குக் கீழே போனால் ஒரு நிமிஷமும் வீட்டில் இருக்காதீர்கள்" என்று மட்டும் சொன்னோம். தெருவுக்கு ஒரு ஆக்சிமீட்டர் வாங்க முடியவில்லை. இரண்டு மூன்று தெருவுக்கு ஒன்று சுற்றி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கூட அந்த 94-ஐ மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

அடுத்து, சாவைப் பற்றிய அச்சம். "ஆஸ்பத்திரிக்குப் போனா பொட்டலமாத்தான் வருவாவ" என்ற பேச்சு எத்தனையோ பேரைக் கடைசி மூச்சுவரை வீட்டில் கிடத்திவிட்டது. 2020 ஏப்ரல் 19-ஆம் தேதி சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யப் போனவர்களை ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் அடித்து விரட்டியது. இரவோடு இரவாக, உடன் பணியாற்றிய மருத்துவர் பிரதீப் குமார் தம் கையாலேயே மண் தள்ளி வேலங்காட்டில் அடக்கம் செய்தார். மனைவி விரும்பிய கீழ்ப்பாக்கம் கல்லறையில் மறு அடக்கம் செய்ய அவர் நீதிமன்றம் போய்ப் போராட வேண்டியிருந்தது. 2021-இல்தான் உத்தரவு கிடைத்தது. ஊருக்கு மருத்துவம் பார்த்தவருக்கே ஆறடி மண் இல்லையென்றால், நமக்கு என்ன கதி என்று நம் மக்கள் நினைத்தார்கள். கல்லெறிந்தவர்களும் ஏதோ ஒரு செய்தியைக் கேட்டுத்தான் எறிந்தார்கள். பிணத்திலிருந்து காற்றில் நோய் பரவும் என்ற செய்தி. அது பொய் என்று அவர்களுக்குத் தெரிந்த வாயால் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இதே சங்கடம் மேற்கு ஆப்பிரிக்காவிலும் வந்தது. 2014-இல் லைபீரியா, சியரா லியோன், கினியா நாடுகளில் எபோலா பரவி 11,000-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே பிணத்தைத் தொட்டால் நோய் ஒட்டுவது மெய்யாகவே உண்மை. ஆனால் வெள்ளை உடை போட்ட ஆட்கள் வந்து உடலைத் தூக்கிக்கொண்டு போனபோது, மக்கள் இறந்தவர்களை ஒளித்து வைத்து இரவில் புதைத்தார்கள். நோய் இன்னும் பரவியது. அவ்வாண்டு நவம்பரில் உலக நலவாழ்வு நிறுவனம், நம் கத்தோலிக்கக் காரித்தாஸ் உள்ளிட்ட கிறிஸ்தவ, இஸ்லாமிய அமைப்புகளோடு உட்கார்ந்து புதிய அடக்க முறையை வகுத்தது. பாதுகாப்போடு மரியாதையும் வேண்டும். குடும்பத்தாரைக் கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். எட்ட நின்றாவது செபம் சொல்ல இடம் வேண்டும் என்று அதில் எழுதினார்கள். பிணத்தை ஒளிப்பது அதன்பின் குறையலாயிற்று.

நம் தமிழ்நாட்டிலும் தமுமுகவைச் சேர்ந்த இஸ்லாமிய இளைஞர்கள் எல்லா மதத்தார் உடல்களையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்ததை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். நம் பங்கில் செய்தது சிறிய காரியம்தான். கல்லறைத் தோட்டத்தில் யாருக்கும் இடம் மறுக்கப்படாது என்பதைச் சாவு வருவதற்கு முன்னமே வீடு வீடாகச் சொல்லிவைத்தோம். கோவில் மணி அடிக்கும், குருவானவர் வருவார், நாலு பேர் எட்ட நிற்போம் என்றோம். ஒரு பெரியவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்று தாமாகவே துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குணமாகித் திரும்பியும் வந்தார்.

பிறகு தடுப்பூசி. 2021 சனவரி 16-இல் நாட்டில் தொடங்கியது. மார்ச்சில் முதியவர்கள் ஓரளவு முன்வந்தார்கள். ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லார் முன்பாகவும் ஊசி போட்டுக்கொண்டு, மற்றவரும் போடும்படி வேண்டினார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி காலமானார். கோவில்பட்டிப் பக்கத்து மண்ணின் பிள்ளை. மரம் நடச் சொல்லி ஊர் ஊராகப் போனவர். அவருடைய மரணம் இந்த வட்டாரத்தை எப்படி உலுக்கியது என்பது உங்களுக்குத் தெரியும். இரத்தக் குழாய் அடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். மத்திய அரசின் ஆய்வுக் குழு தீர விசாரித்து, தொடர்பில்லை என்று முடிவு சொன்னதோ அந்த ஆண்டு அக்டோபரில். அந்த ஆறு மாதமும் வாட்ஸ்அப்பின் ஆட்சிதான். ஊசி போட்டவர்கள் இரண்டு வருடத்தில் செத்துப்போவார்கள் என்று பிரெஞ்சு நாட்டு நோபல் விஞ்ஞானி ஒருவர் சொன்னதாக ஒரு பொய் வந்தது. பிள்ளை பிறக்காது என்று மற்றொன்று. கருக்கலைப்போடு சம்பந்தப்பட்ட மருந்து, போடுவது பாவம் என்று பக்தியின் பெயரால் இன்னொன்று.

கடைசியாகச் சொன்னதற்கு நம்மிடம் தெளிவான பதில் இருந்தது. வேறு தடுப்பூசி கிடைக்காத நிலையில் இவற்றை நல்ல மனசாட்சியோடு போட்டுக்கொள்ளலாம் என்று உரோமை விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பரிலேயே அறிவித்திருந்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் தாமும் போட்டுக்கொண்டு, அதைப் பிறரன்புச் செயலாகவே எண்ணும்படி கேட்டுக்கொண்டார். இதைப் பூசையில் படித்ததும் அந்தப் பேச்சு அடங்கிற்று. மற்றவை அவ்வளவு எளிதில் அடங்கவில்லை.

விவேக்கின் மரணத்தைப் பற்றிப் பேசாமல் தவிர்ப்பதே நல்லது என்று சிலர் ஆலோசனை சொன்னார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. மக்கள் மனத்தில் இருப்பதைப் பேசாமல் வேறெதைப் பேசினாலும் ஏறாது. ஆகவே நாங்களே அதை முதலில் எடுத்தோம், அழுகிறவர்களை அழவிட்டோம். ஊசி போட்டால் ஒரு நாள் காய்ச்சலடிக்கும், கை வலிக்கும், சிலருக்கு இரண்டு நாளும் இருக்கும் என்பதை மறைக்காமல் சொன்னோம். போட்டுக்கொண்டவர் வீட்டுக்கு மறுநாள் காலை தெருக்காரர் இருவரும் கஞ்சியோடு போய் நின்றார்கள். இந்த மறுநாள் காலை வருகைதான் ஊசிக்காக நாங்கள் செய்த பிரசாரம் அனைத்திலும் மேலானது என்று இன்றும் எண்ணுகிறோம். ஊசி போட்ட மதினி மூன்றாம் நாள் குழாயடியில் குடத்தோடு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும், கொஞ்சம் வேடிக்கையானது. 2021 செப்டம்பர் 12 முதல் அரசு ஞாயிறுதோறும் மாபெரும் முகாம்கள் நடத்தியது. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிற நாள். சிலருக்குக் குடிக்கிற நாளும்கூட. ஊசி போட்டால் இரண்டையும் தொடக்கூடாது என்று யாரோ கிளப்பிவிட, ஆண்கள் பலர் நழுவினார்கள். இது மேலே எட்டியதும், அக்டோபரில் அரசு முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. காரணத்தை அமைச்சரே வெளிப்படையாகச் சொன்னார். சிரித்தோம், ஆனால் மகிழ்ந்தோம். சனிக்கிழமை போட்டால் ஞாயிறு படுத்துக் கிடக்கலாம், திங்கட்கிழமைக் கூலி போகாது என்று நம் தாய்மாரும் அதைத்தான் கேட்டிருந்தார்கள். கீழேயிருந்து மேலே போகிற செய்திக்கும் காது கிடைத்தால் எத்தனை காரியம் சுலபமாகிறது!

இதையெல்லாம் இன்று சொல்லக் காரணம், பங்கு அலுவலகத்து அலமாரியில் இருக்கிற அந்தத் தெரு நோட்டு. தனியே இருக்கிற முதியவர் யார், போன் இல்லாத வீடு எது, சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் யார், பிள்ளைத்தாய்ச்சி யார் என்று தெருவாரியாக எழுதிய நோட்டு. 2022-க்குப் பிறகு அதில் யாரும் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. பலர் இறந்துவிட்டார்கள், சிலர் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள், புதிதாக மருமக்கள் வந்திருக்கிறார்கள்.

கொரோனாதான் போய்விட்டதே, நோட்டு எதற்கு என்று கேட்கலாம். காசநோய் போகவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினாலும், கலியாணம் பேச வருகிற இடத்தில் தெரிந்துவிடும் என்று மகளின் இருமலை மறைக்கிற வீடு இன்றும் இருக்கிறது. சோதனையும் மாத்திரையும் அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். சாதாரணக் காசநோய் ஆறு மாத மாத்திரையில் குணமாகும். நடுவில் நிறுத்தினால்தான் ஆபத்து. சத்துணவுக்கென்று 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடுகிறார்கள். இது எத்தனை வீட்டுக்குத் தெரியும்? அன்று காய்ச்சலை மறைத்த அதே கணக்கு, கூலியும் மானமும், இன்று இருமலை மறைக்கிறது. அன்று வாசலில் போய் நின்ற அதே ஆட்கள் இன்றும் இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆகையால், பங்குத்தந்தை அவர்களின் அனுமதியோடு, வரும் ஞாயிறு முதல் நோட்டைப் புதிதாக எழுதுகிறோம். ஒவ்வொரு அன்பியமும் தெருவுக்கு இருவர் பெயரைத் தர வேண்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. பழைய ஆட்களே தொடரலாம். கால் வலிக்கிறது என்கிறவர்கள் தங்கள் பேரப்பிள்ளையைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம். வீட்டில் யாருக்காவது இருமல் விடாமல் இருந்தால், அதை மேசையில் வந்து சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தெருக்காரரிடம் திண்ணையில் சொன்னால் போதும். இரண்டாம் பூசை முடிந்ததும் ஆலய முகப்பில் வேப்ப மரத்தடியில் மேசை போட்டிருப்போம்.